பசை பூசாத விளிம்பு

லென் ஹார்கப்புக்கு அறுபத்திரண்டு வயது. நாட்டிங்காம் பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் கியர்பாக்ஸ் கழற்றி மாட்டியவர். சுண்டுவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்திப் போர் ஆடும் சங்கம் ஒன்று ஞாயிறுதோறும் தேவாலயக் கூடத்தில் கூடும். அதற்குக் குன்று, வேலி, ஆற்றங்கரை எல்லாம் செய்து தருவது அவர்தான். பழுப்பில் கொஞ்சம் காவி, கருப்பில் ஒரே ஒரு சொட்டு என்று அவர் கலக்கும் நிறத்துக்கு 'லென் சேறு' என்றே பெயர். மனுஷனுக்குக் கர்வம் இல்லாமலா இருக்கும்? இருந்தது, கொஞ்சம் தூக்கலாகவே.

கூடத்து அலமாரிக் கதவில் அவர் கைப்பட எழுதிய அட்டை தொங்கும்: 'முதலில் பசை. பிறகுதான் ஸ்ப்ரே.' தெர்மாகோலுக்கு வெள்ளைப் பசை பூசிக் காயவிடாமல் ஸ்ப்ரே அடித்தால் அரித்துக் குழிந்துவிடும். புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே உயிரை வாங்குவார்.

ஹிலரி டிரான்டர் போன குளிர்காலத்தில் சேர்ந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் முதன்முதலாகச் செய்தது ஒரு தெர்மாகோல் குன்று. முட்டை அட்டையைக் கத்தரித்து, ஒவ்வொரு கல்லாக ஒட்டி, அதன்மேல் ஒரு சுவர் எழுப்பியிருந்தாள். நான்கு மாத உழைப்பு. சங்கத்தின் கண்காட்சியில் அதைத்தான் நடு மேஜையில் வைப்பது என்று முடிவானது. முந்தின நாள், கடைசி வார்னிஷ் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துத் தரச் சொல்லி லென்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தன் வீட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப்போகும்போது கதவு நிலையில் இடித்து ஒரு விளிம்பு பிய்ந்தது. லென் தெர்மாகோலில் புதுத் துண்டு செதுக்கிப் பொருத்தி, லென் சேற்றைப் பூசினார். ஒட்டுப்போட்ட இடம் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. பசை பூசினால் காய நாலு மணி நேரம் ஆகும். ஸ்ப்ரேயைத் திறந்த வெளியில்தான் அடிக்க வேண்டும், மழை வேறு வரும்போல இருந்தது. ஒரு மூலைதானே என்று ஸ்ப்ரேயை அடித்துவிட்டார். அந்தத் துண்டு கண்ணெதிரே சுருங்கி, பக்கத்துச் சுவரையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்காட்சியில், அவர் வாயைத் திறப்பதற்குள் ஹிலரி குழியைப் பார்த்துவிட்டாள்.

"அடடா, அந்த மூலையில நான் பசை பூசாம விட்டுட்டேன் போல. நீங்களும் எத்தனை தடவ தலைல அடிச்சுக்கிட்டீங்க. மன்னிச்சிடுங்க லென், நடு மேஜையையே கெடுத்துட்டேன்."

"பரவாயில்ல கண்ணு. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

அந்த வார்த்தை எப்படி வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. உடனே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

அன்று முழுக்க, குழியைப் பற்றிக் கேட்ட ஒவ்வொருவரிடமும் ஹிலரி தானே சொன்னாள். "என் தப்புங்க. லென் படிச்சுப் படிச்சுச் சொன்னார், நான்தான் கேக்கல." பக்கத்தில் நின்ற லென் வேலிகளை நேராக்குவதுபோலக் குனிந்துகொண்டார்.

"அட்டைய இன்னும் பெருசா எழுதுப்பா லென். கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வர்றவங்களுக்கும் தெரியணும்ல," என்றார் சங்கச் செயலாளர் ரெஜ். எல்லாரும் சிரித்தார்கள், ஹிலரியும்தான்.

சாயங்காலம் மேஜைகளை மடக்கும்போது, தன் தூரிகைகளும் கத்தியும் இருந்த பிஸ்கட் டப்பாவை அவள் நீட்டினாள்.

"புதுசா யாராவது வந்தா கொடுங்க. எனக்கு இதெல்லாம் சரிப்படாது. நான் டீ போட்டுத் தர்றேன், அது போதும்."

லென் அதை வாங்கவில்லை.

"நீ பசை பூசித்தான் இருந்தே ஹிலரி. இடிச்சு உடைச்சது நான். புதுத் துண்டு வெச்சு, பசை பூசாம ஸ்ப்ரே அடிச்சதும் நான்தான்."

மேஜைத் துணியை மடித்துக்கொண்டிருந்த ரெஜ் அப்படியே நின்றார். ஹிலரி குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"உடைஞ்சது போகட்டும் லென். காலைல நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்க என்னை மன்னிச்சீங்களே."

அவள் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குன்றைத் தானே தூக்கினாள். லென் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். நிலையில் இடிக்காமல் அதைப் பக்கவாட்டில் திருப்பி, அவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனாள்.