கீழே விழுந்தாலும் உடையாதது

பார்சலில் தனித்தனிப் பாகங்களாக வந்த கோழிக் கொட்டகையை நானும் என் கணவரும் வீட்டுக்குப் பின்னால் பொருத்திக்கொண்டிருந்தோம். அவர் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வயல்களை அளப்பவர். வேலைக்காக ஆபீஸில் கொடுத்த கனமான டேப்லெட்டில், எப்படிப் பொருத்துவது என்ற வீடியோவை ஓடவிட்டு, ஏணியின் மேல்படியில் வைத்திருந்தார். வெயில், மழை, புழுதி எதுவும் அதை ஒன்றும் செய்யாதாம்.

அவர் ஏணியில் நின்று ஸ்பேனரை அழுத்தித் திருகியபோது ஏணி ஆடியது. டேப்லெட் நேராக என் கால்மேல் விழுந்தது. பதறிப்போய் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“ஒண்ணும் ஆவலங்க. வீடியோ ஓடிக்கினுதான் இருக்குது,” என்றேன்.

அவர் ஏணியிலிருந்து குதித்து வந்தார். டேப்லெட்டைப் பார்க்கவே இல்லை.

“கால்ல ரத்தம் ஊத்துது. நீ இன்னா அத்தத் தொடச்சிக்கினு நிக்கிற?”

“ஆபீஸ் பொருளாச்சேங்க.”

“அது வுழுந்தா ஒடையாதுன்னு சொல்லிதான் குடுத்தாங்க. உங்கப்பா உன்ன அப்டிச் சொல்லியா கட்டிக் குடுத்தாரு?”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது.

இப்போது புது நகம் முளைத்துவிட்டது. கொட்டகையில் கோழிகளும் அடைகின்றன. ஆனால் ஒன்றை மட்டும் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அவர் கேட்கும்வரை எனக்கு வலிக்கவே இல்லை.