ஒன்றுமில்லாததற்கு முக்கால் மணி நேரம்

டிப்ளமோ முடித்து வெளியே வரப்போகும் ஜூனியர்களுக்கு இதை எழுதுகிறேன். கார் ஏசி வேலையில் எனக்கு இதுவரை ஒரே ஒரு கோடைதான் அனுபவம். அந்த ஒரு கோடையில் நான் கற்றுக்கொண்டதை எந்த செமஸ்டரிலும் கேள்வியாகக் கேட்க மாட்டார்கள்.

1. முதல் கஸ்டமர்

ஒரகடம் கூட்ரோட்டில் மேரி அக்காவின் ஏசி ஒர்க் ஷாப். நான் சேர்ந்த முதல் நாளே பென்னலூர் முனுசாமி அண்ணன் வெள்ளை அம்பாசடரில் வந்து இறங்கினார். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வாங்கிய பழைய வண்டி. டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக ஏசி மாட்டியிருந்தது. காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. கூடவே அவருடைய மச்சான் தயாளன். பென்னலூரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்.

கேஜைப் போட்டேன். முள் அசையவில்லை.

"கேஸ் சுத்தமா இல்லண்ணே, உள்ள ஒண்ணுமே இல்ல. லீக்கை அடைச்சு, முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு, அப்புறம் கேஸ் ஏத்தணும்."

"வேக்கம்னா இன்னா தம்பி?"

"உள்ள இருக்கிற காத்து, ஈரம் எல்லாத்தையும் பம்ப் வெச்சு உறிஞ்சிடுவோம். உள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"இப்பத்தான ஒண்ணுமே இல்லன்ன?"

"கேஸ்தான் இல்ல. காத்து இருக்கே."

"ஒண்ணுமில்லாததுலேர்ந்து ஒண்ணுமில்லாதத எடுக்கறதுக்கு முக்கால் மணி நேரமா? மேரிம்மா, இன்னா ஆளைப் புட்ச்சி வேலைக்கு வெச்சினுகீற?"

"படிச்ச புள்ளண்ணே, அப்படித்தான் பேசும்" என்றார் அக்கா.

விடுவேனா? சாக்பீஸ் எடுத்துத் தரையில் கம்ப்ரஸர், கண்டென்ஸர் எல்லாம் வரைந்து பாடமே எடுத்தேன். முனுசாமி அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயாளன் மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசில மீட்டர்ல எவ்ளோ காட்டணும்?"

"லோ சைடுல சுமாரா முப்பது பவுண்டு."

அவர் பானெட்டுக்குள் தலையை விட்டார். கேஸ் ஏற்றும் வாயின் மூடியைத் திருகி, உள்ளே இருந்த சின்ன பின்னை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, வண்டிய எடு. வூட்லயே பாத்துக்கலாம்."

முனுசாமி அண்ணனுக்கு அந்த ஏசி விளையாட்டுச் சாமான் இல்லை. பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார். இந்த வெயிலில் வர முடியாது, ஆடி போகட்டும் பார்க்கலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா இழுத்திருக்கிறார். அவர்களுக்கு மதுராந்தகம் பக்கம் இன்னொரு வரனும் வந்திருந்தது. அதனால் "ஏசி கார்ல கூட்டினு போறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

2. கண்ணாடி ஏற்றிய வண்டி

ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து அக்கா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். ரயில்வே ஸ்டேஷனில் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டிலிருந்து அதே அம்பாசடர் வந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் நான்கு கண்ணாடியும் ஏறியிருந்தன. எங்கள் கடையைத் தாண்டும்போது 'டொப்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

ஓடினேன். யாரும் இறங்கவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். முனுசாமி அண்ணன் இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

"சீக்கிரம் சொல்லு தம்பி, குளிர் வெளிய பூடும்."

இட்லிப் பானை மூடியைத் திறந்ததுபோல் ஆவி என் முகத்தில் அடித்தது. பின் சீட்டில் மாப்பிள்ளையின் அப்பா காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். தாடையிலிருந்து வியர்வை சொட்டியது.

"குளுகுளுன்னு நல்லாகீது" என்றார் என்னிடம்.

"எனக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது" என்றார் அவர் மனைவி, முந்தானையால் விசிறிக்கொண்டே.

இருவரும் அதுவரை ஏசி கார் ஏறியதில்லை.

பானெட்டைத் திறந்தேன். ஒரு ஹோஸ் ஜாயிண்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. பழைய லீக்கும் அங்கேதான் இருந்திருக்கிறது. பஞ்சர் கடை வாசனை வந்தது.

"இதுல என்ன ஏத்துனீங்க?"

"நீ சொன்ன முப்பது பவுண்டுதான்" என்றார் முன் சீட்டிலிருந்து இறங்கி வந்த தயாளன். "ரெண்டு தபா செக் பண்ணேன். டயருக்கு வெக்கிற அதே அளவு."

"எதை?"

"எதைன்னா? காத்தைத்தான். உள்ள கீற பின்னு டியூப் வால்வு மாதிரியே கீது. அப்டியே ஸ்டெப்னிக்கும் புட்ச்சிட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக இறங்கினார். காதிலிருந்த துண்டை அவிழ்த்தார்.

"அப்ப இவ்ளோ தூரம் நாங்க வந்தது டயர் காத்துலயா?"

முனுசாமி அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"ஸ்டேஷனுக்கு அடுத்த பஸ் எப்போம்மா?" என்று மாப்பிள்ளையின் அப்பா மேரி அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"முக்கால் மணி நேரம் ஆகும்ணே" என்றார்.

பஸ் டைம் அக்காவுக்குத் தெரியாது. எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடினேன்.

3. வேக்கம்

ஹோஸும், ஈரம் உறிஞ்சும் டிரையரும் மாற்றி, லீக் பார்த்து, பம்பை ஓடவிட்டேன். அக்கா பெடஸ்டல் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பி, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"அது இன்னா பண்ணுது?" என்று பம்பைக் காட்டி மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் முனுசாமி அண்ணன் பதில் சொன்னார்.

"உள்ள கீற காத்தெல்லாம் எடுக்குதுங்க. ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"ஒண்ணுமில்லாம பண்றதுக்கு இவ்ளோ நேரமா?"

"பின்ன? சும்மாவா?"

அந்த அம்மாள் குபீரென்று சிரித்துவிட்டார். "ஏசின்னா இப்டித்தான் வேர்க்கும் போலன்னு கம்முனு வந்தேன். ஊர்ல போயி இன்னா சொல்றதுன்னு ஒரே ரோசனை."

"நானுந்தான்" என்றார் அவர் கணவர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத்தான் குளிர் தெரியலியோன்னு துண்டக் கட்டிக்கினேன்."

அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. பெண் என்ன படித்திருக்கிறாள், பையனுக்கு எந்த ஷிஃப்ட், ஆவணியில் எந்த முகூர்த்தம். நடுவில் ஒரு பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துப் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. தயாளன் மட்டும் கேஜ் பக்கத்தில் உட்கார்ந்து, முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்பதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் முடிந்தது. பம்பை நிறுத்த எழுந்தேன். அக்கா கையமர்த்தினார். எந்த மண்டபம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். எடுப்பதற்கு எதுவும் இல்லாமல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

கேஸ் ஏற்றி அனுப்பியபோது, வண்டி கூட்ரோடு திரும்புவதற்குள் பின் கண்ணாடி ஒன்று இறங்கியது. சம்பந்தியம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது.

ஜூனியர்களே, வீட்டிலேயே கேஸ் ஏற்றிக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால் சண்டை போடாதீர்கள். முப்பது பவுண்டு என்று சொன்னால், எது முப்பது பவுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேக்கத்துக்கு முக்கால் மணி நேரம் என்பது குறைந்தபட்சம். பக்கத்தில் கல்யாணப் பேச்சு நடந்தால் பம்பை நிறுத்தாதீர்கள்.