நாலாவது நட்டு

என் தகர டப்பாவில் பழைய ஆணிகளுக்கு நடுவே முறிந்த போல்ட் ஒன்று கிடக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். நட்டு இன்னும் அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது. டப்பாவைத் துடைக்கும்போதெல்லாம் என் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். திரும்பப் போட்டுவிடுவாள். முறித்தவன் நான். அதனால் ஏமாந்து போனது அவளைப் பெற்றவள்.

மச்சான், என் மனைவியின் அண்ணன், மலாயாவில் குளுவாங்கிலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியாரின் கார் ஓட்டினார். பழுது பார்ப்பதும் அவரேதான். துருப்பிடித்த நட்டைக் கண்டு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மரையை பிரஷால் தேய்ப்பார், மண்ணெண்ணெய் விடுவார், ஒரு சுருட்டு முடியும்வரை சும்மா இருப்பார். பிறகும் உடனே கழற்றமாட்டார். முதலில் ஒரு மயிரிழை இறுக்குவார், அப்புறம் ஒரு மயிரிழை தளர்த்துவார். "கோவிச்சுக்காதே தாயி, கொஞ்சம் எறங்கி வா" என்று அதனோடு பேச்சு வேறு.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் வயதானவர்களின் பேரை வெட்டிய காலம் அது. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம் என்றார்கள். அத்தை, அதாவது மச்சானின் தாய், மகனைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டார். "போறவ போகட்டும்" என்ற மச்சான் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். மூன்று மாதம் ஒரே வீட்டில் அப்படி. "போல்ட்டையெல்லாம் தாயின்னு கொஞ்சுண்ணே, பெத்தவகிட்ட மட்டும் வாயைத் தொறக்காதே" என்று என் மனைவி குத்திக் காட்டியும் பயனில்லை.

போகிற அன்று காலை லாரி அத்தையை மற்றவர்களோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் மச்சானின் முகம் மாறியது. கப்பலுக்குப் போகிற ரயில் குளுவாங்கில் மதியம் இரண்டு மணிக்கு. காரோ பின்ஸ்பிரிங் முறிந்து கட்டைமேல் நின்றது. புது ஸ்பிரிங் வந்து கிடந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான கிராணியார் இரங்கினார். "ஸ்பிரிங்கை மாத்திப்போட்டுக் காரைக் கொண்டு போ தம்பி. கெதியாச் செய், மினக்கெடாதே" என்று அவசரப்படுத்தினார்.

நான் வேலை பார்த்த ரப்பர் பால்கொட்டகையிலிருந்து உதவிக்குப் போனேன். மூன்று நட்டு நல்லபடியாக வந்தன. நாலாவது அசையவில்லை. பால் உறைய ஊற்றும் ஆசிட் ஜாடியைக் காரின் பின்னால் வைத்துக் கொண்டுவருவது எங்கள் தோட்டத்து வழக்கம். கசிந்ததெல்லாம் அந்த மூலையில் இறங்கி இரும்பைத் தின்றிருந்தது. சைக்கிளில் போயிருக்கலாமே என்று இன்று தோன்றுகிறது. அன்று ஒவ்வொரு திருப்புக்கும் 'இதோ வந்துவிடும்' என்றே இருந்தது. மச்சான் இன்னொரு தடவை மண்ணெண்ணெய் விட்டார். "புது போல்ட்டு கெடையாது மாப்ள. இதை முழுசா எடுத்தாத்தான் உண்டு. பொறு" என்று தண்ணீர் குடிக்கப் போனார்.

நான் பொறுக்கவில்லை. நன்மை செய்கிற எண்ணம்தான். ஸ்பேனர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி உடம்பு பாரம் முழுவதையும் அழுத்தினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். ஆகா, வந்துவிட்டது என்று நினைத்தேன். குழாயோடு நானும் தரையில் கிடந்தேன்.

மச்சான் வந்து பார்த்தார். திட்டவில்லை. பால்கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஓட்டை லாரியை நோக்கி நடந்தார். அதிலிருந்து ஒரு போல்ட்டை அதே பொறுமையோடு கழற்றிவந்து மாட்டி முடிக்க மணி ஒன்றே முக்கால். இருந்தும் போனோம்.

பிளாட்பாரத்தில் ஒரு போர்ட்டர் மட்டும் நின்றார். "நீங்கதான் அந்த அம்மா மகனா? ஏறவே மாட்டேன்னாங்க ஐயா. மகன் எப்படியும் கார்ல வருவான், கொஞ்சம் நிப்பாட்டுங்கன்னு ரயில் கார்டு கையைப் புடிச்சிட்டாங்க. தூக்கித்தான் ஏத்தினோம்."

மச்சான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், நான் முறிக்காம இருந்திருந்தா..." என்று தொடங்கினேன்.

"நீ இன்னிக்கித்தான் அவசரப்பட்டே மாப்ள," என்றார். "நான் மூணு மாசமா எறங்கி வரல."

அடுத்த மழைக்காலத்துக்குள் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அத்தை போய்விட்டார். மச்சான் அதற்குப் பிறகும் பல வருடம் கார் ஓட்டினார், பல நட்டுகளைக் கழற்றினார். ஆனால் எதனோடும் அவர் பேசி நான் கேட்கவில்லை.

இப்போது அவரும் இல்லை. எப்போதாவது அந்த முறிந்த துண்டை எடுத்து மண்ணெண்ணெய் விட்டு வைக்கிறேன். முதலில் நட்டை ஒரு மயிரிழை இறுக்கி, அப்புறம் தளர்த்திப் பார்க்கிறேன். வரவில்லை. பழையபடி டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன்.