கண்ணாயியின் வீட்டுச் செருப்பு

வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தாள், உண்மைதான். சாமி விளக்கு எரிகிற அறையில்தான் நடந்தாள், அதுவும் உண்மை. அதற்காகக் கண்ணாயிக்குத் திமிர் ஏறிவிட்டது, புருஷனைக் களி கிண்ட விட்டுவிட்டுக் காலை நீட்டிக் கிடக்கிறாள் என்று கரடியூர் முழுக்கப் பேசினால் அதை எப்படி ஒத்துக்கொள்வது? பேசுகிறவர்களில் ஒருத்தராவது அந்தக் காலைப் பார்த்தார்களா? நடந்தது இதுதான்.

கண்ணாயிக்குச் சர்க்கரை வந்து பல வருஷம். மாத்திரையை நினைத்தால் போடுவாள், மறந்தால் விட்டுவிடுவாள். காப்பித் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்து பழகியவள். முள் குத்தினாலும் தெரிவதில்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். மார்கழிக் குளிரில் பழம் பறித்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம், அடுப்பு முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினாள். சூடு உறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அப்போதும் உறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம்.

"ஏம்புள்ள, களி அடிப்புடிக்குது பாரு," என்றார் அவள் புருஷன் அங்கப்பன்.

சட்டியை இறக்கிக் கிண்டிப் பார்த்தாள். களி நன்றாகத்தான் இருந்தது. தீய்ந்தது அவள் பெருவிரலின் அடிப்பக்கம்.

வலிக்காததால் இருவருமே அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காப்பித்தூளை வைத்து அமுக்கித் துணி சுற்றிக்கொண்டு, மறுநாளும் பறிக்கப் போனாள். துணி ஈரமாகி நாற்றம் எடுத்த பிறகுதான் அங்கப்பன் அவளைப் பஸ் ஏற்றி ஏர்க்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே புண் கட்டும் நர்சு ஈவ்லின் துணியை அவிழ்த்தாள்.

"காப்பிய குடிக்கணும்மா. புண்ணுக்கு எதுக்கு ஊத்திக் குடுத்தீங்க?"

"துளிகூட வலி இல்லைங்க கண்ணு."

"அதுதாம்மா பயமா இருக்கு. வலிச்சிருந்தா நீங்களே கால ஊனியிருக்க மாட்டீங்க."

டாக்டர் செத்த தோலை வெட்டி எடுத்தார். அந்தக் காலை ஊன்றினால் புண் ஆறாது, விரல் போகும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். சர்க்கரைக்கு ஊசி எழுதினார். எழுந்து நடந்தே ஆகவேண்டிய நேரத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு, புண் படும் இடத்தில் பள்ளம் விட்டது. வீட்டுக்குள்ளும் அதைத்தான் போட வேண்டும்.

"காப்பி பூக்கறதுக்குள்ள தோட்டத்துக்குப் போயிருவனுங்களா?" கண்ணாயி கேட்டது அது ஒன்றுதான்.

"இதக் கழட்டாம இருந்தா போயிரலாம்," என்றாள் ஈவ்லின்.

வீட்டுக்குள் செருப்பா? இருப்பதே ஒரு அறை, அதன் மூலையில் சாமி விளக்கு. கண்ணாயி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தத்தித் தத்தி உள்ளே நடமாடினாள். அடுத்த முறை கட்டைப் பிரித்த ஈவ்லின் சிரிக்கவில்லை. "இப்படியே போனா வெரலக் காப்பாத்த முடியாதும்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அங்கப்பன் செருப்பைக் கழுவித் துடைத்து, விளக்குக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்.

"ஏனுங்க, செருப்புக்குப் பொட்டா?"

"ஆயுத பூசையில மம்முட்டிக்கு வெக்கறோம், கவாத்துக் கத்திக்கு வெக்கறோம். இது உன்ற ஆயுதம். போடு புள்ள. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாதம்மாள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் ஊருக்குத் தெரியக் கேட்பானேன்.

"ஏனக்கா, செருப்புக்குப் பூசையாமா? தேங்கா பழம் கொண்டாரட்டுமா?"

"தேங்கா மட்டும் கொண்டா. பழம் எனக்கு ஆகாது."

கண்ணாயி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். கிடப்பது லேசு என்று நினைக்கிறவர்கள், ஊரே பழம் பறிக்கும்போது ஒரு நாள் கிடந்து பார்க்கட்டும். அங்கப்பன் கிண்டிய களி கட்டி கட்டியாக இருந்தது, அதையும் தின்றாள். சாயங்காலமானால் அவர் சவரக் கண்ணாடியைப் பிடித்து அவள் அடிப்பாதத்தை அவளுக்கே காட்டுவார்.

"உன்ற மூஞ்சிக்கு இது நொம்பத் தேவல புள்ள."

"கண்ணாடியத் திருப்பி உங்குளுதையும் ஒருக்காப் பாருங்க."

புண் சுருங்கியது, மூடியது. ஒரு நாள் ஈவ்லின் கட்டுப் போடாமல், வெளியே போட இன்னொரு ஜோடி மெத்தைச் செருப்பும் கொடுத்து அனுப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம், ஆனால் வெறுங்கால் என்ற பேச்சே கூடாது என்றாள். பங்குனியில் மழை பெய்து சில நாள் கழிந்த ஒரு காலையில், கதவைத் திறக்கும் முன்பே காப்பிப் பூ வாசனை உள்ளே வந்துவிட்டது.

அங்கப்பன் வெளிச் செருப்பைத் தட்டினார். உள்ளே கைவிட்டுத் தடவி, கல் இல்லை என்று பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கண்ணாயி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பொட்டு வைத்த வீட்டுச் செருப்பிலிருந்து காலை உருவி, தரையில் படாமல் நேரே இதில் நுழைத்தாள்.

"ஏனக்கா, வாத்தாட்டம் நடக்கற?" என்றாள் மாதம்மாள் தன் வீட்டு வாசலிலிருந்து.

"வாத்துக்கு ரெண்டு காலும் இருக்குதல்ல," என்று சொல்லிவிட்டுக் கண்ணாயி படி இறங்கினாள்.