அம்மன் சிரிக்கிறாவோ?

போன ஞாயிற்றுக்கிழமை செல்வராசா அண்ணை மியூசியத்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். காவலாளி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சுவிஸில், பேர்ண் நகரத்து மியூசியம் ஒன்றில் நான் துப்புரவு வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே எங்கள் ஊர்ப் பக்கத்து வெண்கல அம்மன் ஒன்று இருக்கிறது. கண் தெரியாதவர்கள் சில சிலைகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்று பொறுப்பாளர் அம்மா புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். அதில் அம்மனும் சேர்த்தி என்றதும், அண்ணை இருக்கிற பூம்ப்ளிஸுக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், அவருக்குக் கண் போய் இரண்டு வருடம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நாலைந்து வருடமாகிற எங்களுக்கு இங்கே இன்னும் ஒரு கோயில் இல்லை. சாமிக்கு முன்னால் நிற்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அன்று தலைக்குத் தோய்ந்து குளித்து, மரக்கறி மட்டும் சாப்பிட்டு வந்திருந்தார்.

பொறுப்பாளர் அம்மா வெள்ளைக் கையுறையை நீட்டினார். அண்ணை கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.

"சாமியைத் தொடுறதோ? நான் என்ன, ஐயரோ?"

அட... எனக்கு ஏன் இது முதலே தோன்றவில்லை? தொட விடுகிறார்கள் என்ற சந்தோசத்தில் நானும் மறந்துபோனேன்.

"நீ துடைக்கிறனியெல்லே?" என்றார் மெதுவாக.

"ஓம் அண்ணை. கிழமைக்கு ரெண்டு தரம்."

"குளிச்சிட்டோ?"

நான் பொய்யாக இருமினேன்.

"சரி விடு. பாத்துச் சொல்லு. முகம் எப்பிடி? சிரிக்கிறாவோ?"

எனக்குத் தெரியவில்லை! அந்த முகத்தில் இத்தனை நாளும் நான் பார்த்தது தூசியை மட்டும்தான். நின்று பார்த்தேன் — சிரிப்பில்லை. முழங்காலிட்டு அண்ணாந்து பார்த்தேன் — மெல்லிய சிரிப்பு, இடது பக்கம் கொஞ்சம் கூடுதல். சொன்னேன். பிறகு பூப் பிடிக்கிற விரல்கள், உடைந்த சின்னவிரல் நுனி, இடுப்பு வளைவு... நாலு பேருக்கு முன்னால் கதைக்காத நான் அரை மணித்தியாலம் கதைத்தேன். அண்ணை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கண்டிட்டன்," என்றார்.

அவர் தொடவில்லையே என்று பொறுப்பாளர் அம்மாவுக்குக் கவலை. என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். பக்கத்து மேசையில் கண் தெரியாத ஒரு சுவிஸ் பெண்மணி கல் குதிரையை வால் வரைக்கும் தடவி மகிழ்ந்துகொண்டிருந்தார். தொட விடுவது நல்லதுதான். ஆனால் என்ன வேண்டும் என்று வந்தவரையே முதலில் கேட்டோமா? அடுத்த மாதத்திலிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் நிற்பார் என்றார் பொறுப்பாளர் அம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணை கேட்டார், அம்மனுக்குப் பக்கத்து அறையில் என்ன இருக்கிறது என்று.

அந்த அறையையும் நான்தான் கூட்டுகிறேன். நாளைக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.