முதுகு காட்டாதவர்

செவிலிமேட்டில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், ஒரு பட்டுக்கடை மேனேஜர் வாராவாரம் வருவார். நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் சேலை மூட்டை. வெப்கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, சிங்கப்பூர் வியாபாரிக்கு ஒவ்வொரு சேலையாகத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார்.

பேச்சு முடிவதற்குள் லைன் போய், வியாபாரியின் முகம் திரையில் அப்படியே உறைந்துவிடும். மேனேஜர் எழுந்து, அந்த முகத்தைப் பார்த்தபடியே கதவுவரை பின்பக்கமாக நடப்பார். வழியிலுள்ள நாற்காலிகளையெல்லாம் இடித்துத் தள்ளுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

"லைன் கட்டாயிடுச்சு சார். அவரு உங்களப் பாக்கல," என்றேன் ஒருநாள்.

"முகம் இருக்குதேபா. சன்னதியில முதுக காட்டிக்கினா வருவோம்?"

பிறகு அந்த வியாபாரி இறந்துபோனார். அடுத்த வாரமும் மேனேஜர் வந்தார், மூட்டை இல்லாமல்.

"கேமராவ மட்டும் போடுபா. யாரையும் கூப்புட வேணாம்."

திரையில் அவர் முகமே தெரிந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து, முதல் முறையாக முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போனார். தன் முகத்துக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லையென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். அது ஹேங் ஆகியிருந்தது. நாற்காலி காலி. திரையில் மட்டும் அவர் இன்னும் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கதவுவரை பின்பக்கமாகவே நடந்தேன்.