நியாஸ் நானா விற்ற பிளேட்டுகள்

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் கியர் எண்ணெய். ஃபோனை மூக்கால் தட்டித்தான் எடுத்தேன். "நானா மௌத்தாகிட்டாங்க தம்பி. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றார் அவருடைய மச்சான். காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

பலாபத்வலையில் நியாஸ் நானாவின் உதிரிப்பாகக் கடைக்குப் போய்வந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் விற்ற சாமான் சரியில்லை என்று கண்டிப் பக்கத்துப் பழைய கார்க்காரர்களிடம் இரண்டு வருடமாக ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அலுவிகாரையில் கராஜ் வைத்துப் பழைய அமெரிக்கக் கார்களில் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலைக் கழற்றிப் புதுப்பிப்பது என் தொழில். சாதாரண டிஃபரன்ஷலில் ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றினால் கார் அங்கேயே நிற்கும். மற்றச் சக்கரத்துக்கும் விசை போகும்படி உள்ளே கிளச் பிளேட்டுகளை அடுக்கி இறுக்கியதுதான் லிமிடட் ஸ்லிப். அந்த பிளேட் செட்டை முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து என்னிடம் கொண்டுவந்த அன்று நானா கராஜை விட்டுப் போகவே இல்லை.

"தம்பி, எந்த வீல் சும்மா சுத்துதுன்னு இதுக்கு எப்புடித் தெரியும்?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது நானா."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

எனக்கு எரிச்சல் வந்தது. வரைபடம் போட்டுச் சொல்லலாம் என்று பேனாவைத் தேடினேன். அதற்குள் அவர் பிளேட்டுகளை அடுக்கி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தித் திருகிப் பார்த்தார். "இறுக்கினா எல்லாம் ஒண்ணாத் திரும்புது. லேசா விட்டா ஒண்ணுமேல ஒண்ணு வழுக்குது. இவ்வளவுதானே?" நான் டிப்ளோமாவில் ஒரு தவணை முழுக்கப் படித்தது அவ்வளவுதான்.

அந்த செட் கண்டி டொக்டர் ஒருவரின் காருக்கு. அவருடைய தகப்பன் ஓட்டிய, எட்டு சிலிண்டர், பச்சை நிறக் கார். பெட்டிக்குள் பிளேட்டுகளோடு ஒரு சின்னப் போத்தலும் இருந்தது. எண்ணெயோடு கலக்க வேண்டிய திரவம்.

"அந்தப் போத்தல ஊத்தினீங்களா?" என்று, பிளேட்டுகளைப் பூட்டி முடித்ததும் நானா கேட்டார்.

"பிடிக்கணும்னுதான் நானா பிளேட்டே போடுறோம். அதுல போய் வழுக்குறத ஊத்துறதா?"

"அப்ப எதுக்கு அனுப்பியிருக்காங்க?"

"கடைய நீங்க பாருங்க, டிஃபரன்ஷல நான் பார்க்கிறேன்."

டொக்டர் காரை எடுத்து முதல் வளைவில் திருப்பினார். பின்பக்கம் அதிர்ந்து முனகியது. நேர் ரோட்டில் சத்தமே இல்லை. திரும்பினால் மட்டும் கடகடவென்றது. "பிளேட் டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். நானா பக்கத்தில்தான் நின்றார். "பிளேட்டாத்தான் இருக்கும்" என்று நான் சொன்னேன். நானா என்னைப் பார்த்தார். பிறகு டொக்டரிடம், "விட்டுட்டுப் போங்க, பார்ப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் நானா வந்தார். "நான் சண்டைக்கு வரல்ல தம்பி. எனக்கு அந்தப் போத்தல் இன்னும் வெளங்கல்ல. ஊத்திப் பார்த்திட்டு என்னய ஏசுங்க."

ஊற்றினேன். அவருடைய மச்சான் கராம்பு காயவைக்கும் பெரிய சீமெந்துத் தளத்துக்குக் காரைக் கொண்டுபோய் மெதுவாக எட்டுப் போட்டோம். நானா பின் சீட்டில் குனிந்து காதைக் காரின் தரையில் வைத்திருந்தார். "இந்த முறை கராம்பு டயர் மணக்கும் மச்சான்!" என்று ஓரத்திலிருந்து மச்சான் கத்தினார். நாலாவது எட்டில் முனகல் குறைந்தது. எட்டாவதில் இல்லை. பிளேட்டுகள் ஒன்றையொன்று விக்கிவிக்கிப் பிடித்ததுதான் அந்தச் சத்தம். போத்தலில் இருந்தது அவற்றைச் சீராக வழுக்கவைத்தது. நானா தலைதூக்கிச் சிரித்தார். "ஒழுங்கா விடத் தெரிஞ்சாத்தான் ஒழுங்காப் பிடிக்குமா? நல்ல சாமான்!"

காரைக் கொடுத்தபோது டொக்டர் கேட்டார்: "வேற பிளேட் போட்டீங்களா?" நான் "ம்" என்றேன்.

"டொக்டருக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று நானா அந்த மாதம் கேட்டார். அடுத்த மாதமும் கேட்டார். இரண்டு முறையும் "சொல்றேன் நானா" என்றேன். டொக்டர் சொல்லிக் கேட்ட கண்டிக்காரர்கள் நானாவிடம் சாமான் எடுப்பதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எனக்கு வேலை குறையவில்லை. அதன் பிறகு நானா டிஃபரன்ஷலின் கிரவுன் வீலில் ஏன் இத்தனை பல் என்பது முதல் என் ஊர் இரத்தோட்டையில் ஏன் தினமும் மழை என்பது வரை எல்லாம் கேட்டார். இதை மட்டும் மூன்றாம் முறை கேட்கவில்லை.

அடக்கத்துக்கு டொக்டரும் வந்திருந்தார். பள்ளிவாசல் கேட்டருகே, "நல்ல மனுசன். சாமான் விஷயத்துலதான் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார்.

"சாமான்ல பிழையில்ல டொக்டர். பிழை என்னோடது. உங்க கார்ல இப்பவும் ஓடுறது அவரு தந்த அதே பிளேட்."

நடந்ததை அங்கேயே நின்று சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. "மனுசன் இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தக் காரை எல்லார் முன்னாலும் கழற்றிக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

அவர் கேட்ட கேள்விகளை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். மூன்றாம் முறை கேட்காமல் விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. கடையை இனி அவருடைய மகள் நடத்தப்போகிறார். அந்தப் பச்சைக் காரைக் கழற்ற டொக்டர் சம்மதித்துவிட்டார். வருகிற ஞாயிறு காலை கராஜில் இருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் வாருங்கள், பிளேட்டுகளைக் கையில் தருகிறேன்.